நரிப்பொத்தையில் பிந்தி விழும் வெட்டு

நரிப்பொத்தையில் ஒருவரை வெட்டினால் வெட்டு அன்றைக்கு விழாது. கத்தி கழுத்தின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வரும், துளி ரத்தம் இருக்காது. வெட்டுப்பட்டவர் வேட்டியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், மாடி எடுத்துக் கட்டலாம். பிறகு ஒருநாள், நாலு நாளிலோ பத்தொன்பது வருஷத்திலோ, வெட்டு வந்து சேரும். ஓங்கிய அதே இடத்தில், அதே ஆழத்தில் சதை பிளக்கும். இதைத் தவிர ஊரில் வேறு விசேஷம் கிடையாது. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். பாதி உடைத்துக் கல்லாகக் கேரளாவுக்கு ஏற்றிய ஒரு பாறைப் பொத்தை, மிஷன்காரர்கள் கட்டிய ஒரு சபை, ஒரு சிவன் கோயில், செவ்வாய்ச் சந்தை, இரண்டு ஏ.டி.எம். அதில் ஒன்றில் பணம் வரும். நாகர்கோவில் பக்கத்தில் இருப்பதால் ஊருக்கு நாகரிகம் வந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. வந்தது வீட்டுமனை புரோக்கர்கள்தான். மற்றபடி நரிப்பொத்தைக்காரன் பாட்டனார் காலத்தில் எதற்கெல்லாம் கத்தியை எடுத்தானோ அதற்கெல்லாம்தான் இன்றும் எடுக்கிறான்: வரப்பு, தண்ணீர், சந்தையில் இடம், சொன்ன ஒரு வார்த்தை.

ஊருக்கு இது தெரியவந்தது 1991இல். சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்ற ரசலையனை, சாக்கு விரிக்கும் இடத் தகராறில் பக்கத்துக் கடைக்காரன் வயிற்றில் குத்தினான். கத்தி பிடிவரை உள்ளே போனதைச் சந்தையே பார்த்தது. ரசலையன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், கீறல்கூட இல்லை. அன்றைக்குக் கிழங்கெல்லாம் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷம் ஏழு மாதம் கழித்து, மூத்த மகள் கல்யாணத்தில் சபையின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை சிவந்து, குடல் சரிந்து மடியில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்திறங்கியிருந்ததால் கல்யாணத்தை நிறுத்தவில்லை. ரசலையனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு தாலி கட்டினார்கள். அதன் பின் ஊர் கணக்காகக் கவனிக்கத் தொடங்கியது. சின்ன அடிக்கும் இதே கதைதான் என்று தெரிந்தது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கொடுத்த அறை, பேங்கில் வேலை பார்த்த ஒருவருக்கு இருபத்தெட்டாம் வயதில் கவுண்டரில் வைத்து விழுந்தது. கியூவில் நின்றவர்கள் யார் அடித்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். போலீஸ் கேஸ் எதுவும் நிற்கவில்லை. சம்பவம் நடந்த தேதியில் காயம் இல்லை, காயம் உள்ள தேதியில் சம்பவம் இல்லை.

1996இல் கோயில் நிர்வாகம் பார்க்கும் முதலடிமாரும் சபைக் கமிட்டியும் சந்தைக் கொட்டகையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. அன்று போட்ட சட்டம் இது: வெட்டியவனே துணி பிடிக்க வேண்டும். அதாவது, வெட்டியவன் வெட்டு வந்து விழும் நாள்வரை வெட்டுப்பட்டவனைக் கூப்பிடு தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தோளில் எப்போதும் ஒரு சுத்தமான துண்டு இருக்க வேண்டும். விழுந்த நொடியில் அந்தத் துண்டால் காயத்தை அழுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மறுப்பவன் செத்தால் பாடை தூக்க ஆள் வராது. இந்தச் சட்டத்தால் சண்டை குறையும் என்று நினைத்தார்கள். குறையவில்லை. ஒருத்தனை வெட்டிவிட்டு ஆயுள் முழுக்க அவன் பின்னால் அலைவதற்கும் நரிப்பொத்தையில் ஆள் இருந்தது. வாலிபால் தகராறில் ஷாஜன் என்பவனை அவன் சித்தப்பா மகன் அரிவாளால் கையில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு போட்டான். ஷாஜன் சார்ஜாவுக்குப் போனபோது தம்பியும் விசா எடுத்து, வேண்டாத வேலையில் சேர்ந்து, கூடவே போனான். ஆறாவது வருஷம் ஒரு லிஃப்டுக்குள் ஷாஜனின் கை பிளந்தது, மூச்சுவிடும் நேரம் கழித்துத் தலை பிளந்தது. தம்பி துண்டோடு ஒன்பதாம் மாடியில் லிஃப்டுக்குக் காத்துக்கொண்டிருந்தான். ஒரே சண்டையில் போட்ட வெட்டுகள் ஒரே நாளில், போட்ட அதே வரிசையில், அதே இடைவெளியில் வரும் என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

வெட்டுப்பட்ட இடத்தில், வெட்டு விழும்வரை, ஈர நூலை வைத்து இழுத்த மாதிரி ஒரு குளிர் தங்கியிருக்கும். சித்திரை வெயிலிலும் போகாது. ஆமணக்கு இலையை வாட்டி அதன்மேல் ஒற்றிக்கொள்வார்கள். இதற்கு ஊரில் "வரவேண்டியது" என்று பேர். பெண் பார்க்க வருபவர்கள் நட்சத்திரம் கேட்பதற்கு முன்னால், வீட்டில் யாருக்காவது வரவேண்டியது உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

ராஜியின் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்ல மனசில்லாவிட்டாலும். அவள் புருஷன் முருகதாஸ் நாலு வருஷம் அவளைத் தினமும் அடித்தான். அவளுக்கு அப்போது ஒன்றும் வலிக்கவில்லை. குளிர் மட்டும் உடம்பெல்லாம் கூடிக்கொண்டே போனது. 2004இல் முருகதாஸ் பைக்கோடு லாரிக்கு அடியில் போனான். அவள் நெற்றிப் பொட்டை அழித்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை, முதல் அடி வந்தது. பிறகு நாலு வருஷம், அவன் அடித்த அதே வரிசையில், ஒன்று விடாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைத்தபோது முன்பல் இரண்டும் இலையில் விழுந்தன. செத்த பிறகும் அடிக்கிற அந்த நாயைத் தோண்டியெடுத்து உதைத்தால்கூட ஆத்திரம் தீராது. துணி பிடிக்க வேண்டியவன் செத்துப்போனதால் சட்டத்தில் வழி இல்லை என்று முதலடிமாரும் கமிட்டியும் கையை விரித்தார்கள். ஊர்ப் பெண்கள்தான் முறை வைத்து அவளிடம் உட்கார்ந்தார்கள். அதில் அதிக நாள் உட்கார்ந்தவள் ஜெயபாய். தையற்காரி, வாழைக்காரர் ஞானையனின் மனைவி. உடைந்த தாடையைச் சேர்த்துக் கட்டுவது, பிளந்த புருவத்தை அழுத்தி ரத்தம் நிறுத்துவது எல்லாம் அவள் அங்கே கற்றதுதான். கடைசி அடி 2008இல் விழுந்தது. ராஜி மறுநாள் குளித்துவிட்டு மினி பஸ் ஏறி வடசேரிக்குப் போய் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

2009 தை மாதம், கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் பால் பிடிக்கிற நேரம். ஆறுமுகப்பெருமாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கால்வாயின் கடைசி மடையில் ஒன்றரை ஏக்கர் நெல். அவருக்கு மேலே ஞானையனின் வயல், அதன் வழியாகத்தான் தண்ணீர் கீழே இறங்கும். ஞானையன் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் நெல்லை விட்டு ஏத்தன் என்கிற நேந்திர வாழை வைத்திருந்தார். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், வாழைக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று ஞானையன் வாழை அழுகிவிடும் என்று மடையை மண் போட்டு அடைத்தார். கீழே கதிர் பதராகிக்கொண்டிருந்தது. ஆறுமுகப்பெருமாள் கேட்கப் போனபோது, நெல்லு வச்சுப் பிச்சை எடுக்கதுக்குப் பேசாம நிலத்தை வித்துப்போடும் என்று ஞானையன் சொன்னார். வரப்பில் முள் வெட்டக் கொண்டுவந்த வெட்டுக்கத்தி ஆறுமுகப்பெருமாள் கையில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நன்றாக ஓங்கி, முழுப் பலத்தோடு ஞானையனின் கழுத்தில் போட்டார். கத்தி இடது காதுக்குக் கீழே புகுந்து தொண்டை வழியாக வெளியே வந்தது. ஞானையன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கை குளிர்ந்தது. இரண்டு பேருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆறுமுகப்பெருமாள் கத்தியை வாய்க்காலில் எறிந்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் காலையில் துண்டோடு ஞானையன் வீட்டு முற்றத்தில் போய் நின்றார்.

அந்த வீச்சில் இன்னொரு ஆளும் வெட்டுப்பட்டது யாருக்கும் தெரியாது. கஞ்சி கொண்டுவந்த ஆறுமுகப்பெருமாளின் மனைவி உலகம்மை, கத்தி உயர்வதைப் பார்த்து ஓடி வந்து பின்னாலிருந்து புருஷனைப் பிடிக்கப் பார்த்தாள். பின்னுக்கு ஓங்கிய கத்தி அவளுடைய இடது தோளில் இறங்கி, காறை எலும்பைத் தாண்டி மார்பு வரை போய்விட்டுத்தான் முன்னால் திரும்பியது. ஆறுமுகப்பெருமாள் ஞானையனைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஞானையன் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மை சிந்திய கஞ்சியை விட்டுவிட்டுப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்போது மகள் தன்யாவுக்குப் பதின்மூன்று வயது. தாய்க்கு வரவேண்டியது உண்டு என்று வெளியே தெரிந்தால் பெண்ணை யார் எடுப்பார்கள் என்று முதலில் வாயை மூடினாள். தன்யாவைத் திருவனந்தபுரத்தில் கட்டிக் கொடுத்த பிறகும் சொல்லவில்லை. அப்போது காரணம் வேறு. இரண்டு வெட்டும் ஒரே நேரம் வரும், துணி பிடிக்க வேண்டிய ஆள் ஒருத்தர். சொன்னால் அவர் யாரிடம் நிற்பார்? தன்னிடம் நின்று ஞானையன் செத்தால் ஊர் அவரை மனுஷனாக மதிக்காது. ஞானையனிடம் நின்று தான் செத்தால் அவரே தன்னை மதிக்கமாட்டார். இப்படி யோசித்து அவள் தனியாகவே ஆமணக்கு இலை வாட்டிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கு அது கண்ணில் படவில்லை. அவர் கண் முழுக்க ஞானையன் கழுத்தில் இருந்தது.

அந்தப் பதினான்கு வருஷமும் இரண்டு ஆண்களும் ஒன்றாகவே அலைந்தார்கள். ஆறுமுகப்பெருமாள் நெல்லைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினார். ஞானையன் வாழைக்குலையோடு வடசேரிச் சந்தைக்குப் போனால் இவரும் போவார். ஞானையன் சபைக்குள் இருந்தால் இவர் வெளியே வாதாம் மரத்தடியில் துண்டோடு உட்கார்ந்திருப்பார். முதல் மூன்று வருஷம் பேச்சு கிடையாது. ஞானையனும் சும்மா விடவில்லை. இவருக்கு மூட்டுவலி இருப்பது தெரிந்து, மாதம் இரண்டு தடவை நட்டுச்சி வெயிலில் சிதறால் மலைக்குப் போய், மேலே கோயில்வரை நிற்காமல் ஏறுவார். அந்தப் பழைய சமணக் கோயிலில் ஞானையனுக்கு ஒரு வேலையும் கிடையாது. இவர் காலை இழுத்து இழுத்து ஏறி மேலே வந்து சேர்ந்ததும், ஞானையன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கத் தொடங்குவார். போகப் போகப் பேச்சு வந்தது. முதலில் கெட்ட வார்த்தை, அப்புறம் ஏத்தன் விலை, அப்புறம் பிள்ளைகளின் படிப்பு. ஞானையனின் மகன் எபிசனுக்கு பைக் ஓட்டப் பழக்கியதே ஆறுமுகப்பெருமாள்தான். இதை நட்பு என்று ஊரில் சிலர் சொன்னார்கள். கழுத்தில் பனி நூலோடு இருக்கிறவனுக்கும் அதைக் கட்டியவனுக்கும் இடையில் இருப்பதை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒருவர் இல்லாமல் ஒருவருக்குச் சோறு இறங்காது என்பது உண்மை.

2019 சித்திரையில் உலகம்மைக்கு ஜாக்கெட் அளவெடுக்கும்போது ஜெயபாய் கண்டுபிடித்தாள். தோளில் நாடா வைத்ததும் விரல் வெடுக்கென்று பின்வாங்கியது. ராஜியிடம் நாலு வருஷம் உட்கார்ந்த கைக்கு அந்தக் குளிர் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி உலகம்மை, இது எப்பம் உள்ளது?"

"அண்ணைக்கு உள்ளதுதான் அக்கா. மடையில வச்சு."

"உனக்க மாப்பிளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாண்டாம்."

ஜெயபாய்க்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தன் புருஷன் கழுத்தில் கத்தி போட்டவனின் மனைவி இவள். ஐந்து நிமிஷம் நாடாவைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். பிறகு கணக்கைத் தெளிவாகப் போட்டாள். கத்தி முதலில் பின்னால் போயிருக்கிறது, அப்புறம் முன்னால். அதனால் முதலில் இவளுக்கு வரும், கண் இமைக்கிற நேரம் கழித்து அவருக்கு வரும். அவருக்குத் துணி பிடிக்க ஒருத்தர் இருக்கிறார், துண்டும் வேனும் இருக்கிறது. இவளுக்கு யாரும் இல்லை. ராஜிக்கும் யாரும் இருக்கவில்லை. மறுவாரம் ஜெயபாய் தையல் மெஷினை ஆள் வைத்துத் தூக்கி உலகம்மை வீட்டு முன்னறையில் கொண்டுவந்து போட்டாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ஊரில் சொன்னாள். புருஷன்மார் இரண்டு பேரும் வெளியே கிடக்கும்போது பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்திருப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலை ஏழு மணிக்கு வருவாள், ஆண்கள் வீடு திரும்பும்வரை இருப்பாள். ராத்திரிக்குப் பயம் இல்லை, ஒரு சத்தம் கொடுத்தால் நாலு பேரும் வந்துவிடும் தூரம்தான், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாழைத்தோப்பு. மெஷினின் டிராயரில் துவைத்து மடித்த பருத்தித் துணி ஒரு கட்டு எப்போதும் இருந்தது. நாலு வருஷம் நாலு மாதம் ஜெயபாய் இப்படி உட்கார்ந்தாள். ஒருநாள்கூட உலகம்மை அவளுக்கு நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் மட்டும் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.

2023 ஆவணி, ஓணத்துக்கு ஒரு வாரம். ஏத்தன் கிலோ எண்பது ரூபாயைத் தொட்டிருந்தது, குலை வெட்டாதவன் முட்டாள் என்று சொல்லும் விலை. ஞானையனும் ஆறுமுகப்பெருமாளும் விடிவதற்குள் வேன் நிறையக் குலை ஏற்றிக்கொண்டு வடசேரிக்குப் போய்விட்டார்கள். பகல் பதினொன்றே காலுக்கு உலகம்மை அவியலுக்குத் தடியங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கத்தி கீழே விழுந்த சத்தம் கேட்டு ஜெயபாய் திரும்பிப் பார்த்தாள். உலகம்மையின் இடது தோளில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அடுத்த நொடி அது வாய் திறந்தது. எலும்பு முறிகிற சத்தம் தெருவரை கேட்டது என்று எதிர்வீட்டுக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். ரத்தம் அடுப்படிச் சுவரில் அடித்துத் தேங்காய்ப் பாலில் விழுந்தது. ஜெயபாய் துணிக்கட்டோடு பாய்ந்து இரண்டு உள்ளங்கையையும் வெட்டுக்குள் கொடுத்து, முழங்காலால் அவளைத் தரையோடு அழுத்திக்கொண்டாள். துணி முதலில் சூடாகி, பிறகு கனத்தது. கைக்கு அடியில் நரம்பு துள்ளுவது தெரிந்தது. அது துள்ளத் தொடங்கிய அந்த நேரத்திலேயே ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் தன் புருஷனின் தொண்டை பிளந்துவிட்டது என்றும் அவளுக்குத் தெரிந்தது. யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கையே அந்தச் செய்திக்குள்தான் இருந்தது.

மெஷின்மேல் இருந்த போன் அடிக்கத் தொடங்கியது. நின்று, மறுபடியும் அடித்தது. உலகம்மைக்கு நினைவு இருந்தது.

"அக்கா, போனை எடு. அண்ணனாக்கும்."

"எடுத்தா கை விடணும்."

"போ அக்கா. என்னை விட்டுட்டுப் போ."

"எனக்க ஆளுக்கு உனக்க ஆளு உண்டு," என்றாள் ஜெயபாய். "உனக்கு நான்தான் உண்டு. வாயைப் பொத்திக்கிட்டுக் கிட."

போன் ஏழு தடவை அடித்தது. ஜெயபாய் ஒவ்வொன்றையும் எண்ணினாள், கையை எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் ஆட்டோ கொண்டுவந்தபோதும் எடுக்கவில்லை. அந்த நிலையிலேயே இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

வடசேரியில் நடந்தது சந்தை முழுக்கப் பார்த்தது. ஞானையன் வியாபாரி ஒருவரிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சொல்லில் கழுத்து திறந்தது. ஆறுமுகப்பெருமாள் இரண்டடி தள்ளி நின்றார். பதினான்கு வருஷமாக மனசுக்குள் பழகிய மாதிரியே, கீழே விழும் முன் அவரைத் தாங்கி, துண்டை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் முப்பத்தெட்டு வயது ஆறுமுகப்பெருமாள் முழுப் பலத்தோடு வெட்டியதை ஐம்பத்திரண்டு வயது ஆறுமுகப்பெருமாளால் பிடித்து நிறுத்த முடியவில்லை. சுமைதூக்குகிற ஒருவர்தான் ஞானையனின் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து ஜெயபாயின் நம்பரை அழுத்திக்கொண்டேயிருந்தார். ஞானையனால் பேச முடியவில்லை. ஆறுமுகப்பெருமாளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார், தள்ளுவதற்கா விடாமல் வைப்பதற்கா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேனிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கோட்டாறு ரோட்டில் ஓண நெரிசலில் வண்டி நின்றபோது பிடி தளர்ந்தது. வேனுக்குள் ரத்தம் வாழைக்குலைகளுக்கு இடையில் பின்கதவு வரை ஓடியிருந்தது.

அதே ஆஸ்பத்திரியில், பிணவறையிலிருந்து வெளியே வந்த ஆறுமுகப்பெருமாளை எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்து இரண்டாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தான் ஒரே வீச்சில் இரண்டு பேரை வெட்டியிருப்பது அவருக்கு அங்கேதான் தெரிந்தது. வராந்தாவில் ஜெயபாய் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை காய்ந்த ரத்தம், கழுவவில்லை. ஞானையனை நினைத்து அவள் அதுவரை அழவில்லை, ஆறுமுகப்பெருமாளைப் பார்த்ததும் அழுதாள். அவர் சுவரில் தலையை ஓங்கி ஓங்கி மோதினார். ஒன்றும் ஆகவில்லை, ஊர்க்காரன் எங்கே வைத்துத் தன்னையே அடித்துக்கொண்டாலும் கணக்கு அதுதான். அந்த மோதல் ஐந்து நாள் கழித்துத் தன்யாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது வந்து, நெற்றி கிழிந்து பதினொரு தையல் போட்டார்கள். உலகம்மை பிழைத்தாள். இடது கை இடுப்புக்கு மேல் உயராது. ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டதற்கு, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் என்று மட்டும் சொன்னாள்.

எபிசன் மஸ்கட்டிலிருந்து மூன்றாம் நாள் வந்தான். இருபத்தாறு வயது, தகப்பனின் அதே கழுத்து. அடக்கம் அன்று சாயங்காலம். வழக்கப்படி பெட்டியின் தலைமாட்டு முனையை வெட்டியவர் தூக்க வேண்டும், ஆறுமுகப்பெருமாள் தூக்கி வந்தார். குழிக்குள் பெட்டியை இறக்கி, போதகர் ஜெபத்தை முடித்து, மண் போட்டார்கள். ஆறுமுகப்பெருமாள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிரும்போது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டப் போட்டிருந்த வெட்டுக்கத்தியை எபிசன் எடுத்தான். கூட்டத்துக்குப் புரிந்தது. யாரும் தடுக்கவில்லை. நரிப்பொத்தையில் யாரும் தடுப்பதில்லை, தடுக்கப் போய்த்தான் உலகம்மைக்குத் தோள் போனது என்ற செய்தி வேறு மூன்று நாளாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயபாய் மகனைப் பார்த்தாள். அப்பா இல்லாத பிள்ளையிடம், வேண்டாம் மக்கா என்று அவள் சொல்லியிருக்கலாம். அவளுக்குள் அந்த வார்த்தை இருந்ததா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

"மக்கா," என்றாள். "பின்னால ஆளு நிக்குது."

எபிசன் திரும்பிப் பார்த்தான். அவன் தங்கை பெமிலா கைக்குழந்தையோடு நின்றாள். கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு நாலடி விலகியது. எபிசன் ஒரு எட்டு முன்னால் வைத்து, பின்னால் இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு, ஓங்கிப் போட்டான். ஆறுமுகப்பெருமாள் நகரவில்லை, கையைக்கூட உயர்த்தவில்லை. கத்தி வலது தோளில் இறங்கி நெஞ்சு வழியாக விலாவில் வெளியே வந்தது. அவர் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல ஆழம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். போதகர் கடைசி ஆசீர்வாதத்தைச் சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

மஸ்கட் கம்பெனியிலிருந்து எபிசனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். லீவு முடிந்ததும் வருவாயா என்று கேட்டதற்கு, ஊரில் ஒரு பொறுப்பு வந்துவிட்டது, எத்தனை வருஷம் என்று தெரியாது என்று சொல்லிவிட்டு சிம்மைக் கழற்றினான். அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஜெயபாய் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாழைத்தோப்பு வழியாக ஆறுமுகப்பெருமாள் வீட்டு முற்றத்துக்கு வந்தான். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். எபிசன் அவர் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை நின்றான்.

"மாமா, இண்ணைக்கு எங்க போறிய?"

"ஆஸ்பத்திரிக்கு. உலகம்மைக்குக் கஞ்சி கொண்டு போணும்."

எபிசன் சாவியைக் கேட்டு வாங்கினான். வேனின் பின்பக்கத்தை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மறுபடியும் கழுவினான். கஞ்சிப் பாத்திரத்தோடு ஜெயபாயும் வந்து ஏறிக்கொண்டாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து நெஞ்சில் ஆமணக்கு இலையை ஒற்றிக்கொண்டார். இலை சரியாக வாடவில்லை என்று ஜெயபாய் சொன்னாள், நாளைக்கு அவளே வாட்டித் தருவதாகவும் சொன்னாள். வண்டி சந்தை முக்கு திரும்பி, வடசேரி ரோட்டில் ஏறியது.